ஒரு மாலை மகுடம், ஓராண்டு வேலை

லாஸ் ஏஞ்சல்ஸ் ஜப்பானிய அமெரிக்கர்களின் ஆண்டு விழாவான நிசெய் வீக்கின் ராணிப் போட்டிக்கு விண்ணப்பிக்கப் போவதாக மகள் சொன்னபோது வீட்டில் முகம் சுளித்தவள் நான் ஒருத்திதான். 1996-இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது நான் மதுரையில் கல்லூரி மாணவி. எதிர்ப்புக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டவள். காலம் போய், லாஸ் ஏஞ்சல்ஸில் என் மகளே மகுடத்துக்காக மேடையேறுவாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவரையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். கணவர் ஜப்பானிய அமெரிக்கர், மூன்றாம் தலைமுறை. "அவள் விருப்பம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளில் மூழ்கிவிட்டார். மாமியார் எதுவும் பேசவில்லை. மேல் அலமாரியில் கிமோனோ வைத்திருந்த பெட்டியை இறக்கச் சொன்னார்.

இங்கே ஜப்பானிய வம்சாவளியினரை மணந்த தமிழ்க் குடும்பங்கள் சில எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா?" என்பது. நான் திருப்பிக் கேட்பது, "ஓராண்டுக்கு வார இறுதிகளைக் கொடுக்க அவள் தயாரா?" என்று. ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது புரிய, இந்தப் போட்டி பிறந்த கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஜப்பானியக் குடியேறிகளுக்கு அமெரிக்க மண்ணில் பிறந்த இரண்டாம் தலைமுறையினரை நிசெய் என்பார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில், லாஸ் ஏஞ்சல்ஸின் ஜப்பானியர் வட்டாரமான லிட்டில் டோக்கியோவின் கடைக்காரர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் பேசிய அவர்களுடைய பிள்ளைகளோ ஊரின் மற்ற கடைவீதிகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தெருவுக்குத் திரும்ப இழுக்க 1934-இல் நிசெய் வீக் விழாவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ராணிப் போட்டியும் சேர்ந்தது. கடையில் பொருள் வாங்கினால் வாக்குச்சீட்டு கிடைக்கும். யாருக்கு அதிக வாக்கோ அவர் ராணி. அதாவது முதல் ராணியைத் தேர்ந்தெடுத்தது பில் தொகை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கோபம் பாதி தணிந்துவிட்டது. அழகு, தெய்வீகம், பெண்மை என்ற ஜோடனை இல்லாமல், கடைத்தெரு பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த காரியம் இது. கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு 1942 வந்தது, ஜப்பானோடு போர்க்காலம். அதிபர் ரூஸ்வெல்ட் பிப்ரவரி 19 அன்று கையெழுத்திட்ட 9066-ஆம் எண் ஆணையின் பேரில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பாயில் ஹைட்ஸில் வாழ்ந்த என் மாமியார் குடும்பத்தை முதலில் சான்டா அனிதா குதிரைப் பந்தயத் திடலில் அடைத்தார்கள். பிறகு வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மௌன்டன் முகாம். அப்போது அவருக்கு நான்கு வயது. போர்க்காலத்தில் லிட்டில் டோக்கியோவின் காலி வீடுகளில் தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் குடியேறினார்கள். வட்டாரத்தின் பெயரே பிரான்ஸ்வில் (Bronzeville) என்று மாறியது. விழா மீண்டும் நடந்தது 1949-இல்தான். 1950களில் காவல்துறைத் தலைமையகம் கட்டுவதற்காக வட்டாரத்தின் ஒரு பகுதியை நகராட்சி எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தத் தெரு சுருங்கிக்கொண்டேதான் வருகிறது. கலிபோர்னியாவில் ஒரு காலத்தில் பல ஊர்களில் இருந்த ஜப்பானியர் வட்டாரங்களில் இன்று மிஞ்சியிருப்பவை சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்றுதான்.

ஆகவே ராணியும் இளவரசிகளும் சுருங்கிவரும் ஒரு தெருவின் முகவர்கள். மேடையில் நிற்பது ஒரு மாலைப் பொழுது, வேலை ஓராண்டு. இதை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தெற்குக் கலிபோர்னியாவில் பரவியிருக்கும் ஜப்பானிய அமெரிக்கச் சமூக மையங்களும் சங்கங்களும் ஆளுக்கு ஒரு பெண்ணை அனுப்பும். நாங்கள் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே கார்டீனா பக்கம் வசிக்கிறோம். எங்கள் மையத்தின் பெரியவர்கள் என் மகளை ஜூடோ வகுப்புக்கு வந்த குழந்தையாக அறிந்தவர்கள். மையத்தின் வழியாகத்தான் போட்டிக்குள் நுழைய முடியும் என்பதால், அந்த ஆண்டு மட்டும் போய்ப் பல்லைக் காட்டினால் நடக்காது. கோடைத் திருவிழாவில் தெரியாகிக் கோழி சுட்டுத் தந்தவள், பிங்கோ இரவில் நாற்காலி அடுக்கியவள் என்ற பெயர் முன்னதாகவே இருக்க வேண்டும். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயதென்றால் இப்போதே மையத்துக்கு அழைத்துப் போங்கள். ராணியாவதற்காகச் சொல்லவில்லை; அந்த மனிதர்களைத் தெரியாமல் அவர்கள் சார்பில் பேச முடியாது.

வசந்த காலத்திலிருந்து பயிற்சி. தேநீர்ச் சடங்கு, மலர் அலங்காரம், தாய்கோ முரசு, ஓந்தோ நடனம், மேடைப் பேச்சு, ஒப்பனை, நடை என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது நிஜமான சுமை. 110 நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் வடக்கே வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும், அந்த இருபது கிலோமீட்டர் எத்தனை நீளம் என்று. லிட்டில் டோக்கியோவில் வண்டி நிறுத்தும் கட்டணம் பயிற்சியைவிடப் பயங்கரம். மற்ற வேட்பாளர்களின் குடும்பங்களோடு முதல் வாரமே பேசி, ஒரே வண்டியில் போய்வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போட்டியாளர்கள் ஒரே வண்டியில் போவதா என்று என் தங்கை தொலைபேசியில் சிரித்தாள். அந்தப் பயணங்களில்தான் பெண்கள் தோழிகளானார்கள். வேட்பாளர்களே தங்களுக்குள் வாக்களித்து ஒருத்தியை 'மிஸ் தோமொதாச்சி', அதாவது சிறந்த தோழி, என்று தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு. என்னைக் கேட்டால் அந்தப் பட்டம்தான் உசத்தி. நடுவர்கள் பார்ப்பது சிறிது நேரம். இவர்கள் மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் பசியோடும் தூக்கத்தோடும் பார்த்திருப்பார்கள்.

இனி கிமோனோ. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் தமிழ் அம்மாக்கள் இங்கேதான் அசட்டையாக இருப்பார்கள்: "புடவை கட்டத் தெரியும், இது என்ன பெரிய வித்தை?" புடவை எவரையும் ஏற்றுக்கொள்ளும். குள்ளமோ நெட்டையோ, கொசுவத்தில் சரிசெய்துவிடலாம். கிமோனோவுக்கு அந்தத் தாராளம் கிடையாது. மணமாகாத பெண்கள் அணியும் நீண்ட கை வைத்த கிமோனோ ஃபுரிசோதே. அதன் நீளம் ஏறக்குறைய அணிபவரின் உயரம் இருக்க வேண்டும். இடுப்பில் மடித்து விடும் துணி அந்த நீளத்திலிருந்துதான் வருகிறது. மாமியார் பெட்டியில் இருந்தது 1980களில் என் நாத்தனாருக்காக ஜப்பானிலிருந்து தருவித்த ஃபுரிசோதே. கொக்குகள் பறக்கும் சிவப்புப் பட்டு. என் நாத்தனார் ஐந்தடி. என் மகள் அவளைவிட அரையடி உயரம். இடுப்பில் மடிக்கத் துணி இல்லை, கை நீளம் மணிக்கட்டுக்கு வெகு மேலே நின்றுவிட்டது. மாமியார் இரண்டு நிமிடம் பார்த்தார், மடித்து வைத்தார். அவ்வளவுதான்.

அதைவிடப் பழைய கிமோனோ அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லாததற்குக் காரணத்தை அன்றுதான் கேட்டேன். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் வீடு வீடாக வருகிறார்கள் என்ற பயத்தில் பல குடும்பங்கள் கடிதங்கள், பொம்மைகள், புகைப்படங்கள், பட்டுத் துணிகள் எல்லாவற்றையும் எரித்தன அல்லது புதைத்தன. மாமியாரின் அம்மாவும் கொல்லைப்புறத்தில் எரித்தாராம். பரம்பரைக் கிமோனோ எங்கே என்று இந்தச் சமூகத்தாரிடம் வெகுளித்தனமாகக் கேட்டுவிடாதீர்கள்.

வாடகைக்கு எடுப்பதென்று முடிவானால் முதலில் உயரத்தையும் முதுகு நடுவிலிருந்து மணிக்கட்டு வரையிலான அளவையும் கொடுங்கள். நிறம் பிறகு பார்க்கலாம். காலுறையான தாபி இறுக்கமாக, சுருக்கம் விழாமல் இருக்க வேண்டும். ஜோரி செருப்பில் குதிகால் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் சரி. பெரிய அளவு தேடி அலையாதீர்கள். உடுத்திவிட அதற்கென்றே பயின்ற ஆசிரியை வருவார். அவர் முதலில் செய்வது இடுப்பைச் சுற்றித் துண்டுகளை வைத்துக் கட்டுவது. வளைவுகளை மறைத்து உடலை நேர் உருளையாக்கினால்தான் ஓபி என்ற அகன்ற இடுப்புப் பட்டை மடிப்பில்லாமல் நிற்கும். இடுப்பை எடுத்துக்காட்டத்தான் அழகிப் போட்டி என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்! சாதாரண மெல்லிய பருத்தித் துண்டுகள் நான்கைந்து பையில் வைத்திருங்கள். இடப்பக்கத் துணி எப்போதும் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது இறந்தவர்களுக்கு. எடுத்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று மேடைக்குப் பின்னால் எந்த அம்மாவும் அதில் கை வைக்க வேண்டாம்.

உடுத்தும் முன் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். வயிறு முட்ட உண்ண வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். கயிறு கயிறாக இறுக்கிய வயிற்றோடு விளக்கு வெளிச்சத்தில் நின்றால் தலை சுற்றும். சிறு சோற்று உருண்டைகளும் உறிஞ்சு குழாய் போட்ட தண்ணீரும் போதும். நாற்காலியில் முன் விளிம்பில் உட்கார வேண்டும், சாய்ந்தால் முதுகிலுள்ள முடிச்சு நசுங்கும். படியேறும்போது வலக்கையால் முன்புறத் துணியைச் சிறிது தூக்க வேண்டும். கைகளின் தொங்கல் தரையைத் துடைக்கும். அவற்றை எடுத்து மடியில் வைக்கும் பழக்கம் வர வீட்டில் மலிவான பருத்திக் கிமோனோவான யுகாதாவைக் கட்டிக்கொண்டு பழக வேண்டும். என் மகள் அதோடு பாத்திரம் துலக்கினாள். அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஒப்பனை பற்றி ஒரு வார்த்தை. என் மகள் என் நிறம். பயிற்சிக்கு வந்த ஒப்பனைக் கலைஞரின் பெட்டியில் அந்த நிறத்துக்குப் பூச்சு இல்லை. அவர் சங்கடப்பட்டார், நாங்கள் படவில்லை. ஆர்ட்டீசியாவின் இந்தியக் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தோம். கலப்பு வம்சாவளிப் பெண்ணாக இருந்தால் சொந்தப் பூச்சை எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

கலப்பு என்றதும் வம்சாவளி விதியைச் சொல்லியாக வேண்டும். ஹவாயின் ஹோனலூலூவில் 1953-இல் தொடங்கிய செர்ரி மலர் விழாவின் ராணிப் போட்டியில், 1990களின் இறுதிவரை முழு ஜப்பானிய வம்சாவளிப் பெண்களுக்கு மட்டுமே இடம். பிறகு பாதி போதும் என்று தளர்த்தினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கலப்புப் பெண்கள் அதற்கு வெகு முன்பே ராணியாகியிருக்கிறார்கள். எதிர்ப்பும் முணுமுணுப்பும் இல்லாமல் நடந்துவிடவில்லை. வயது, வசிப்பிடம், வம்சாவளி குறித்த விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும், அவ்வப்போது மாறும். பழைய ராணி ஒருவர் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டின் விண்ணப்பப் படிவத்தையே படியுங்கள்.

விதி இடம் கொடுத்தாலும் கண்கள் அளக்கும். மையத்தின் திருவிழாவில் மகள் உணவு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் என் மாமியாரிடம், "இந்தப் பெண் நம் பக்கமா?" என்று கேட்டார். மாமியார், "பரிமாறும் பக்கம். தட்டை நீட்டுங்கள்" என்றார். அந்த முதியவர்தான் பின்னால் எங்களிடம் டிக்கெட் அதிகம் வாங்கியவர். அரை ஜப்பானியர், அரைத் தமிழர் என்று பின்னக் கணக்குப் போட்டுப் பேசுவதை மகள் அந்த ஆண்டோடு விட்டுவிட்டாள். எனக்கும் அது நல்லதாகப் பட்டது.

பேச்சுக்குத் தயாராவதில்தான் உண்மையான உழைப்பு. நடுவர்களோடு நேர்காணல், மேடையில் பேச்சு, கேள்விக்குப் பதில். மகள் எழுதிய முதல் வரைவில் பாலம், வேர்கள், இரு பண்பாடுகளின் சங்கமம் எல்லாம் இருந்தன. மையத்தில் பெண்களைத் தயார்செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியை அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் மூன்று இடங்களில் "யார்? எங்கே? எப்போது?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். இதைவிடச் சுருக்கமான எழுத்துப் பாடத்தை நான் கேட்டதில்லை. இரண்டாம் வரைவில் லிட்டில் டோக்கியோவின் முதலாம் தெருக் கடைகளைப் பற்றி எழுதினாள். 1903-இலிருந்து மோச்சி என்ற அரிசி இனிப்பைச் செய்து விற்கும் ஃபுகெட்சுதோ இன்னும் இருக்கிறது. ஆனால் வாடகை ஏற்றத்தால் பழைய கடைகள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2024-இல் வெளியிட்ட, பேராபத்தில் உள்ள பதினோரு வரலாற்று இடங்களின் பட்டியலில் லிட்டில் டோக்கியோ இருந்தது. அவள் கடைக்காரர்களிடம் நேரில் போய்ப் பேசினாள். கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்தப் பேச்சே கைகொடுத்தது, ஏனென்றால் மனப்பாடம் செய்யாத விஷயம் கையில் இருந்தது.

ஜப்பானிய மொழி சரளமாக வராதே என்று பயப்பட வேண்டாம். நான்காம் தலைமுறையில் பலருக்கும் வராது. போர்க்காலத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் பிள்ளைகளிடம் ஜப்பானிய மொழி பேசுவதைக் குறைத்துக்கொண்டன. என் மகளுக்குத் தமிழ்தான் அதைவிட நன்றாக வரும். ஆனால் வரவேற்பு, நன்றி, சுய அறிமுகம் மூன்றையும் பிசிறில்லாமல் ஜப்பானிய மொழியில் சொல்லப் பழகியிருக்க வேண்டும். தூதரக விருந்திலும் முதியோர் இல்லத்திலும் அது தேவைப்படும்.

முடிசூட்டு விழா அரதானி தியேட்டரில் நடந்தது. நடனம், கிமோனோ, மாலை உடை, பேச்சு. என் மகளுக்கு மகுடம் கிடைக்கவில்லை, இளவரசிகளில் ஒருத்தியானாள். மறுநாள் ஊர்வலத்தில் ஆகஸ்ட் வெயில் முழுவதும் தலையில்தான் இறங்கியது. மாமியார் முதலாம் தெருவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களை முன்பே போய் இடம் பிடிக்கச் சொன்னது அவர்தான். நிழல் விழும் பக்கம் எதுவென்று அவருக்குத் தெரியும்.

வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மேடையில் நின்ற எல்லாப் பெண்களும் ராணியின் குழுவாகிறார்கள். யாரும் தோற்று வீட்டுக்குப் போவதில்லை. இதை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. புத்தாண்டு விழா, பிப்ரவரியில் முகாம்களை நினைவுகூரும் நாள், ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் செர்ரி மலர் விழா, முதியோர் இல்லங்கள், நன்கொடை விருந்துகள், கடைத் திறப்புகள். நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பே போய் நிற்க வேண்டும். பெரியவர்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பாடு. பெயர் மறக்கக் கூடாது. மகள் கைப்பேசியில் குறிப்பு வைத்துக்கொண்டாள்: யாருக்குக் காது கேட்காது, யார் எந்த முகாமில் இருந்தார், யார் மனைவியை இழந்தவர் என்று. தன் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களைச் சந்திக்கும்போது அந்தப் பழக்கம்தான் உதவுகிறது என்கிறாள். நடைப் பயிற்சி எதற்கும் உதவவில்லையாம்.

குறை இல்லாமல் இல்லை. மாலை உடைச் சுற்று இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஒரே வேலையைச் செய்யும் பெண்களில் ஒருத்தி மட்டும் ஒலிவாங்கியைப் பிடிக்கிறாள், மற்றவர்கள் புன்னகைத்து நிற்கிறார்கள் என்பதும் உறுத்துகிறது. இந்த ஊழியத்தை ஆண் பிள்ளைகளிடம் ஏன் இதே அளவுக்குக் கேட்பதில்லை என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. முன்னாள் இளவரசி ஒருவர் இப்போது தன்னார்வலர். மகுடத்தையே எடுத்துவிட்டால் என்ன, பெண்கள் வரமாட்டார்களா என்று அவரிடம் கேட்டேன். "பெண்கள் வருவார்கள். டிக்கெட் வாங்குபவர்கள் வரமாட்டார்கள்" என்றார். 1935-ஆம் ஆண்டுக் கடைக்காரர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: மையம் ஒரு பங்கைத் தாங்கும், விழா ஒரு பங்கைத் தாங்கும், மிச்சம் குடும்பத்தின் தலையில். கூந்தல் அலங்காரம், செருப்பு, பெட்ரோல், வண்டி நிறுத்தம், உறவினர்களுக்கான டிக்கெட், விழா மலரில் வாழ்த்து விளம்பரம் எல்லாம் சிறு தொகைகள்தான், சேரும்போதுதான் தெரியும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள். மகள் வேலைக்குப் போகிறாள் என்றால், விண்ணப்பிக்கும் முன்பே மேலாளரிடம் ஆண்டு முழுவதற்குமான விடுப்புத் தேதிகளைப் பேசிவிடட்டும். வெளியூர்ப் பயணங்கள் வெள்ளிக்கிழமைகளில் தொடங்குகின்றன. மையத்தினரோடு முதலில் உட்காரும்போதே எந்தச் செலவு யாருடையது, கிமோனோ கிழிந்தாலோ கறைபட்டாலோ யார் பொறுப்பு, வர முடியாத நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே எல்லோரும் தன்னார்வலர்கள். ஆகஸ்டில் பொறுப்பில் இருப்பவர் ஏப்ரலில் இருக்கமாட்டார்.